கடலை மிட்டாய்க்கு ஜிகினா ஒட்டலாமா?

கோவில்பட்டியிலிருந்து என் சித்தி மகன் போன வாரம் வாட்ஸ்அப்பில் மூன்று படங்களை அனுப்பிவிட்டு, "அண்ணே, இதுல எதுன்னு நாளைக்குள்ள சொல்லு, பிரஸ்ல குடுக்கணும்" என்றான். சித்தப்பா முப்பது வருஷத்துக்கு மேலாகக் கடலை மிட்டாய் போடுகிறவர். கடைக்குப் பெயர்ப்பலகை கூடச் சரியாகக் கிடையாது, வாங்க வருகிறவர்களுக்கு வழி தெரியும், அது போதும் என்று இருந்துவிட்டார். மகன் அதை இப்போது ஆன்லைனில் வெளியூருக்கு விற்கப் போகிறான். அதற்கு ஒரு லேபிள், நாலு விளம்பரம் வேண்டும்.

முதல் படம் வெள்ளையும் இல்லாத மஞ்சளும் இல்லாத ஒரு கலரில் பாக்கெட், நடுவில் மெல்லிய கோட்டில் ஒரு கடலை, கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. இரண்டாவது முழுக் கிளிப்பச்சை, பஞ்சுமிட்டாய் ரோஸில் பார்டர், நடுவில் மீசைக்காரர் ஒருவர் தன்னைவிடப் பெரிய கடலையோடு மல்யுத்தம் செய்கிறார், பின்னால் சூரியக் கதிர் தங்கக் கலரில் தெறிக்கிறது. மூன்றாவதில் சித்தப்பாவே இருக்கிறார். கூலிங் கிளாஸ், தலையில் கிரீடம், சிம்மாசனம், சுற்றிலும் மிட்டாய் மழை. மூன்றையும் ஏஐயில் போட்டானாம்.

நாளைக்குள் என்னால் சொல்ல முடியவில்லை. இதே குழப்பத்தோடு இன்னும் ரெண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், "லோக்கலா, கலர்ஃபுல்லா, கொஞ்சம் காமெடியா" விளம்பரம் செய்யலாமா, இல்லை டீசண்டாகப் போகலாமா என்று. அதனால் ஒரு வாரம் யோசித்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

இந்த ஜிகினா வகைக்கு வெளியே ரெண்டு பெயர் உண்டு. கிட்ச் என்பது ஜெர்மன் சொல், 19ஆம் நூற்றாண்டில் மியூனிக் நகரத்துப் பட வியாபாரிகள் மலிவாக, தித்திப்பாக, கூடத்தில் மாட்ட வசதியாக இருந்த படங்களை அப்படிச் சொன்னார்கள். கேம்ப் என்பதற்கும் ஆபீசர் கேம்ப் போவதற்கும் சம்பந்தமில்லை. மிகையை மிகை என்று தெரிந்தே ரசிப்பது, அதை ஒரு ஸ்டைலாகவே எடுத்துக்கொள்வது. 1964இல் சூசன் சோன்டாக் என்ற அமெரிக்க எழுத்தாளர் இதைப் பற்றி 58 குறிப்புகளாக ஒரு கட்டுரை எழுதினார், 2019இல் நியூயார்க்கில் நடக்கிற மெட் காலா ஃபேஷன் விழாவுக்கு இதையே தலைப்பாக வைத்தார்கள். அந்தக் கட்டுரையில் நமக்கு வேண்டியது ஒரே ஒரு பிரிவினைதான்: தெரியாமல் செய்த மிகை வேறு, வேண்டுமென்றே செய்யும் மிகை வேறு. ராமராஜன் படத்துச் சட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். படத்தில் அது ஹீரோவின் நல்ல உடுப்பு, அவ்வளவுதான். அதே சட்டையைக் கல்லூரிக் கல்ச்சுரல்ஸில் ஒரு பையன் மாட்டிக்கொண்டு மேடையேறினால் அது வேறு கணக்கு. சட்டை ஒன்றுதான், உள்ளே இருக்கிற ஆளின் நினைப்பு மாறிவிட்டது. விளம்பரத்தில் பணம் விட்டவர்களில் பாதிப் பேர் இந்த ரெண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் என்பது என் கணக்கு.

சரி, முதல் படம். இதைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. சென்னையில் ஆர்கானிக் கடை அலமாரியில் வைத்தால் பக்கத்துப் பாக்கெட்டோடு ஒட்டி உட்கார்ந்துகொள்ளும், பிரச்சினையே அதுதான், பக்கத்தில் இருக்கிற தினை லட்டும் ராகி குக்கீயும் சுக்குக் காபியும் இதே உடுப்புதான் போட்டிருக்கின்றன. பழைய ஞாபகத்தைச் சுத்தமான உறையில் விற்பது முடியாத காரியமில்லை, 2013இல் வந்த பேப்பர் போட் என்ற பானக் கம்பெனி அப்படித்தான் ஆம் பன்னாவையும் ஜல்ஜீராவையும் விற்றது. ஆனால் அது முதலில் போனவர்களுக்குக் கிடைத்த இடம். இன்றைக்கு அந்தப் பாதையில் போனால் நீ இருபதாவது ஆள். கல்யாணத் தாம்பூலப் பைக்கோ, கம்பெனித் தீபாவளிப் பரிசுக்கோ மொத்த ஆர்டர் மட்டும் போதும் என்றால் எடுத்துக்கொள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது படத்துக்கு வருகிறேன். இதில்தான் நான் மூன்று நாள் உட்கார்ந்தேன்.

தம்பி இதை இணையத்தில் எங்கேயோ பார்த்த "ரெட்ரோ" என்று நினைத்துச் செய்திருக்கிறான். அவன் தெருவிலிருந்து வந்த சரக்கு என்று அவனுக்குத் தெரியவில்லை. நாடெங்கும் வீட்டுச் சுவரில் தொங்கிய சாமிப் படக் காலண்டர்களில் பெரும் பங்கை வரைந்து கொடுத்த ஊர்களில் ஒன்று கோவில்பட்டி. சி. கொண்டையராஜு, 1898இல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு நாடகக் கம்பெனிகளுக்குச் சீன் எழுதியவர். பிறகு கோவில்பட்டியில் தங்கி, சீடர்களைச் சேர்த்துக்கொண்டு, 1976இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். அவர்கள் வரைந்ததைச் சிவகாசி அச்சடித்தது. அந்த லட்சுமிக்குப் பின்னால் ஏன் எப்போதும் தாமரைக் குளமும், தூணும், நீர்வீழ்ச்சியும், ஆழமாகப் போகிற ஒரு தோட்டமும் இருக்கின்றன என்று பார்த்தால், அது நாடக மேடையின் பின்திரை. தேவி திரைக்கு முன்னால் நின்று, வெளிச்சம் முழுக்கத் தன் மேல் விழ, நம்மை நேராகப் பார்க்கிறாள். மிகை என்று வெளியூர்க்காரன் சொல்வது, கடைசி வரிசையில் மணல் தரையில் உட்கார்ந்தவனுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக வந்தது.

தீப்பெட்டி லேபிளுக்கும் கதை இதேதான். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டி வந்தால் அதற்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும், அப்படித்தான் சிவகாசி அச்சு ஊர் ஆனது. அந்த லேபிள் எவ்வளவு பெரியது? ரெண்டு விரல் அகலம். வாங்குகிறவருக்கு எழுத்து தெரியுமா என்பது நிச்சயமில்லை. பெட்டிக்கடையில் ஆறடி தள்ளி, பீடிக்கட்டுக்கும் வெற்றிலைக்கும் நடுவில் இருக்கும். அந்த இடத்தில் சேவல் என்றால் சேவலாகத் தெரிய வேண்டும், அணில் என்றால் அணிலாக. "சேவல் மார்க் குடுங்க" என்று கேட்கிற மாதிரி இருக்க வேண்டும். சிறுத்தையோடு ஒரு ஆள் சண்டை போடுகிற தீப்பெட்டியைப் பார்த்திருப்பீர்கள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது, சண்டை ஞாபகம் இருக்கும். கலர் கத்துவதும் கதிர் தெறிப்பதும் ரசனைக் குறைவால் வந்தவை இல்லை, வியாபாரக் காரணம் இருந்தது.

இப்போது உன் போனை எடுத்து ஏதாவது ஒரு ஷாப்பிங் ஆப்பில் கடலை மிட்டாய் என்று தேடு. என்ன வருகிறது? ரெண்டு விரல் அகலத்தில் சதுரம் சதுரமாக முப்பது பாக்கெட். வாங்குகிறவர் எழுத்தைப் படிப்பதில்லை (படிக்கத் தெரியும், நேரமில்லை, கட்டைவிரல் தள்ளிக்கொண்டே போகிறது). தீப்பெட்டி லேபிள் எந்தச் சிக்கலைத் தீர்த்ததோ அதே சிக்கல் நூறு வருஷம் கழித்து உன் கையில் வந்து நிற்கிறது. உன் முதல் படத்தை அந்தச் சதுரத்துக்குள் சுருக்கிப் பார், வெறும் பழுப்புக் கட்டம். இரண்டாவதைச் சுருக்கினாலும் மீசையும் கடலையும் தெரிகின்றன.

அதற்காக இது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை இல்லை. பழைய லேபிளையோ காலண்டர் படத்தையோ ஸ்கேன் எடுத்து அப்படியே போடாதே. ஓவியர் இறந்து 60 வருஷம் வரை நம் நாட்டில் காப்புரிமை நிற்கும், கொண்டையராஜு படம் என்றாலே 2036 முடியும்வரை ஆகும். மார்க்குகள் இன்னும் உயிரோடு இருக்கிற கம்பெனிகளுடையவை. சாமிப் படம் வேண்டவே வேண்டாம். காலண்டர் வருஷம் முழுக்கச் சுவரில் இருக்கும், முடிந்த பிறகும் தூக்கிப் போட மனசு வராமல் பரண்மேல் வைப்போம். மிட்டாய்க் கவர் பத்து நிமிஷத்தில் பஸ் ஸ்டாண்டுத் தரையில் கிடக்கும். லட்சுமி வெடியைப் பற்றித் தீபாவளிக்குத் தீபாவளி வருகிற வருத்தம் உனக்கு எதற்கு? மல்யுத்தக்காரர் போதும்.

அப்புறம் அச்சு. முழுப் பவுச்சிலும் படம் அடிக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு கலருக்கும் ஒரு சிலிண்டர் வெட்ட வேண்டும், ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் கட்டும், அடித்த பிறகு ஒரு எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் அத்தனையும் பாழ். முதல் ஆறு மாதத்துக்கு வெறும் பவுச் வாங்கி, ஆப்செட்டில் லேபிள் அடித்து ஒட்டு. தீப்பெட்டிக்கும் லேபிளை ஒட்டத்தான் செய்தார்கள், அதனால் அது இந்தப் பாணிக்குப் பொருத்தமாகவும் இருக்கும். பின்பக்கத்தில் மட்டும் எந்த விளையாட்டும் வேண்டாம்: உணவுப் பாதுகாப்பு உரிம எண், சேர்மானம், எடை, எம்ஆர்பி, பச்சைப் புள்ளி, தேதி, நிலக்கடலை ஒவ்வாமை எச்சரிக்கை எல்லாம் வெள்ளையில் கறுப்பாக, படிக்கிற அளவில். முன்பக்கம் சந்தைக்கடை மாதிரி இருந்தாலும் பின்பக்கம் பேங்க் பாஸ்புக் மாதிரி இருந்தால்தான் நம்பி வாங்குவார்கள். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அந்தப் பெயரையும் முத்திரையையும் போடுவதற்கு முன்னால் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள். ஊரில் பிறந்ததால் மட்டும் அது தானாக வராது.

மூன்றாவது படம். சித்தப்பாவும் சிம்மாசனமும்.

நம் ஊரில் முதலாளியே விளம்பரத்தில் வருவது ஒரு தனி வகையாகிவிட்டது. 1978இல் தொடங்கிய வசந்த் அண்ட் கோவுக்கு வசந்தகுமாரின் சிரித்த முகமே லோகோ மாதிரி ஆகிப்போனது. லலிதா ஜுவல்லரி கிரண்குமார் மொட்டைத் தலையோடு வந்து கேமராவைப் பார்த்து நேராகப் பேசினார். சரவணா ஸ்டோர்ஸ் சரவணன் 2017 வாக்கில் ஹன்சிகா, தமன்னாவோடு கோட்டு சூட்டில் ஆடியபோது ஊரே மீம் போட்டது. அவர் நிறுத்தவில்லை, 2022இல் கதாநாயகனாக ஒரு முழுப் படமே நடித்துவிட்டார். மீம் போட்டவர்களில் எத்தனை பேர் அந்தத் தீபாவளிக்கு தி. நகரில் அந்தக் கடைப் படியேறினார்கள் என்று எண்ண ஆளில்லை, ஆனால் கடையின் பெயரை மறந்தவர் ஒருவரும் கிடையாது.

மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் ஒன்று. எனக்கு அப்படித் தெரியவில்லை. கிரண்குமார் விளம்பரத்தில் முகம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவர் சொன்ன விஷயம் இருக்கிறது: நாலு கடை ஏறி இறங்கி விலையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்கு என்கிறார். நகைக் கடையில் சேதாரம், செய்கூலி என்று மண்டை காய்ந்து நிற்கிறவனுக்கு அது காதில் விழும். மொட்டையும் கைகூப்புதலும் அந்தப் பேச்சை ஞாபகத்தில் நிறுத்துகிற ஆணி. சரவணனிடம் அப்படிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை, சொல்லவும் முயலவில்லை, அங்கே பிரம்மாண்டம்தான் சரக்கு. அண்ணாச்சி ஆடுகிறார், பின்னால் நூறு பேர் ஆடுகிறார்கள், இவ்வளவு பெரிய கடை என்று புரிந்துவிடுகிறது. ஆனால் மூன்று பேருக்கும் பொதுவாக ஒன்று உண்டு, ஒருவரும் தன்னைக் கேலி செய்துகொள்ள வரவில்லை, முழு மனசோடு வந்தார்கள். பார்க்கிறவனுக்குச் சிரிப்பு வந்தது, அது அவன் பாடு. சோன்டாக் சொன்ன முதல் வகை அதுதான்.

தம்பியிடம் கேட்டேன்: "சித்தப்பாகிட்ட காட்டினியா?"

"இல்லண்ணே, சர்ப்ரைஸ்."

இங்கேதான் சறுக்குகிறது. அவர் கிரீடம் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டிருந்தால் அது ஒரு அழகு. அவருக்கே விஷயம் புரிந்து, "வைல, நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்துக்கொண்டே கேமரா முன் உட்கார்ந்தால் அது இன்னொரு அழகு. ரெண்டும் இல்லாமல், அவருக்குத் தெரியாமல் அவர் தலையில் ஏஐ கிரீடத்தை வைத்து ஊருக்குக் காட்டினால், சிரிக்கிறவர்கள் பக்கம் நீ நிற்கிறாய், அவர் தனியாக எதிரில் நிற்கிறார். இன்னொரு கஷ்டமும் உண்டு. முகத்தை பிராண்டாக வைத்தால் அந்த ஆளுக்கு வயசாகும், உடம்பு முடியாமல் போகும், ஒரு நாள் இருக்க மாட்டார். வசந்தகுமார் 2020இல் போன பிறகும் அந்தப் படத்தைப் பார்த்தால் நமக்குச் சட்டென்று என்னவோ செய்தது. பெரிய கம்பெனி தாங்கிக்கொள்ளும், ஒரு வீட்டுத் தொழிலுக்கு அது பாரம்.

நான் முன்பு ஒரு தின்பண்டக் கம்பெனிக்கு விளம்பர வசனம் எழுதிக்கொண்டிருந்தேன், பெயர் வேண்டாம். "தெக்கத்தி ஸ்டைல்" என்று ஒரு விளம்பரம் எடுத்தார்கள். ஒட்டு மீசை, அருவாள், வரிக்கு ஒரு "ஏலே". நடித்தவர்கள் அத்தனை பேரும் சென்னை, ஒருவர் வாயிலும் அந்தப் பேச்சு உட்காரவில்லை. வேண்டுமென்றே ஓவராகச் செய்கிறோம், ஜாலியாக எடுத்துக்கொள்வார்கள் என்று அறையில் எல்லோரும் தலையாட்டினோம், நானும் ஆட்டினேன், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், என் அம்மா ஊர் அந்தப் பக்கம். திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்கள் கமெண்டில் வந்து கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எங்களப் பாத்தா உங்களுக்குச் சிரிப்பா இருக்கா?" நாலு நாளில் எடுத்துவிட்டார்கள்.

பெரிய இடத்திலும் இதுதான் நடக்கிறது. 2018 நவம்பரில் டோல்சே அண்ட் கபானா என்ற இத்தாலிய ஃபேஷன் கம்பெனி சீனச் சந்தைக்காக ஒரு வீடியோ போட்டது. சீனப் பெண் ஒருத்தி பீட்சாவையும் ஸ்பாகெட்டியையும் குச்சியால் சாப்பிடத் தெரியாமல் திண்டாடுகிறாள், பின்னணியில் சிவப்பு விளக்கு, டிங் டிங் இசை, எல்லாம் ஒரு பொம்மைச் சீனா. அவர்கள் கணக்கில் அது குறும்பு. ஷாங்காயில் நடக்கவிருந்த பெரிய ஃபேஷன் ஷோவையே, ஷோ நடக்க வேண்டிய நாளில் ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

தம்பியின் நண்பன் ஒருவன் நாலாவதாக ஒரு யோசனை கொடுத்திருக்கிறான்: கிரெட் (கிரெடிட் கார்டு பில் கட்டுகிற ஆப்) விளம்பரம் மாதிரி செய்யலாம். 2020 ஐபிஎல் சமயத்தில் அனில் கபூர், மாதுரி தீட்சித், பப்பி லஹிரி எல்லோரும் கிரெட் விளம்பரத்துக்கு ஆடிஷன் கொடுக்க வந்து சொதப்புவது போல எடுத்தார்கள். அடுத்த வருஷம் ராகுல் டிராவிட் டிராபிக்கில் காரிலிருந்து எழுந்து, இந்திராநகருக்கே தான்தான் ரவுடி என்று கத்தினார். பிரமாதம்தான், நானும் பத்துத் தடவை பார்த்திருப்பேன். ஆனால் அது ஏன் வேலை செய்தது? டிராவிட் அதிர்ந்து பேச மாட்டார் என்பது நாட்டுக்கே தெரியும், அந்தத் தெரிந்த விஷயத்தைத் தலைகீழாக்கினார்கள். நல்ல கிரெடிட் ஸ்கோர் இருந்தால்தான் அந்த ஆப்புக்குள்ளேயே விடுவார்கள், அதாவது எண்பதுகளில் பிறந்து, சம்பாதித்து, கார்டு தேய்க்கிற ஆள்தான் வாடிக்கையாளர். அவனுடைய சின்ன வயசு ஹீரோக்களைக் கொண்டுவந்து அவன் முன்னாலேயே நிறுத்தினார்கள். நம்மிடம் டிராவிட்டும் இல்லை, டிராவிட்டுக்குக் கொடுக்கக் காசும் இல்லை.

"ஏஐல பண்ணிரலாம்ணே" என்கிறான். பண்ணிவிடாதே. ரஜினிகாந்த் தன் பெயரையும் பாணியையும் ஒரு படத்தில் பயன்படுத்தியதற்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் போய் 2015இல் தடை வாங்கினார். 2023இல் டெல்லி உயர் நீதிமன்றம் அனில் கபூரின் முகம், குரல், அவருடைய பஞ்ச் வசனமான "ஜக்காஸ்" வரை காப்பு கொடுத்தது. அதே அனில் கபூர்தான். கடலை மிட்டாய் விற்கிற காசை வக்கீலுக்குக் கொடுக்க வேண்டாம்.

தெரிந்த முகத்தைத் தலைகீழாக்குகிற இந்த வகையில் எனக்குப் பிடித்தது 2010 ஓல்ட் ஸ்பைஸ் விளம்பரம். ஏசையா முஸ்டஃபா என்ற நடிகர் துண்டு கட்டிக்கொண்டு குளியலறையில் தொடங்கிக் கப்பலுக்குப் போய்க் குதிரை மேல் முடிவார். தாத்தா காலத்து வாசனை என்று பெயர் வாங்கிய சரக்கு, ஆண்மை ஆண்மை என்று பேசுகிற சோப்பு விளம்பரங்களைக் கேலி செய்தது, தன்னையும் சேர்த்து. அப்படிச் செய்ய முதலில் ஊருக்குத் தெரிந்த ஒரு பழைய முகம் வேண்டும். உன் பிராண்டுக்கு வெளியூரில் இன்னும் முகமே இல்லை, எதைக் கேலி செய்வாய்? பத்து வருஷம் கழித்துப் பார்க்கலாம். (பம்பரம், கோலிக்குண்டு, தேன் மிட்டாய் என்று "நைன்ட்டீஸ் கிட்ஸ்" பெட்டி போடுவதும் இதற்குள்தான் வருகிறது. ஏற்கெனவே ஊர் முழுக்கப் போட்டுவிட்டார்கள், விடு.)

கடைசியாக ஒரு பணக்கார வழி உண்டு, மலிவான பொருளின் உருவத்தை எடுத்து ஆகாய விலைக்கு விற்பது. ஜெரமி ஸ்காட் என்ற டிசைனர் மொஸ்கினோ என்ற இத்தாலிய ஃபேஷன் கம்பெனிக்கு வந்து 2014இல் செய்த முதல் ஷோவிலேயே மெக்டொனால்ட்ஸ் சிவப்பு மஞ்சளில் உடையும், பிரெஞ்சு ஃப்ரைஸ் வடிவத்தில் போன் உறையும் கொண்டுவந்தார், அடுத்த வருஷம் கண்ணாடி துடைக்கிற ஸ்பிரே பாட்டில் வடிவத்தில் சென்ட். 2017இல் பலென்சியாகா என்ற இன்னொரு ஃபேஷன் கம்பெனி ஒரு நீலப் பை கொண்டுவந்தது, விலை 2145 டாலர், பார்த்தால் ஐக்கியா கடையில் 99 சென்டுக்குக் கிடைக்கிற நீலப் பை மாதிரியே இருந்தது. ஐக்கியா கோபப்படவில்லை. அசல் பையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு விளம்பரம் போட்டது: ஆட்டினால் சரசரக்க வேண்டும், செங்கல் சுமக்க வேண்டும், அழுக்கானால் குழாய்த் தண்ணீரில் கழுவிவிடலாம். அந்தச் சண்டையில் எனக்கு ஞாபகம் இருப்பது ஐக்கியாதான்.

"மரப்பெட்டியில வச்சு, 'தெருக்கடை ஸ்பெஷல்'னு எழுதி, தொள்ளாயிரம் ரூபாய்க்குப் போட்டா என்ன" என்று அதே நண்பன் கேட்டானாம். தம்பி, நீ பலென்சியாகா பக்கம் போக முடியாது, நீ பிறந்ததே ஐக்கியா பக்கம். அசல் உன்னிடம் இருக்கிறது. மஞ்சப்பை என்றால் ஒரு காலத்தில் பட்டிக்காட்டான் என்று அர்த்தம், சினிமாவில் ஊரிலிருந்து வருகிறவன் கையில் அதைக் கொடுத்தால் தியேட்டரே சிரிக்கும். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு அதையே "மீண்டும் மஞ்சப்பை" என்று கொண்டுவந்தது, கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் பை வருகிற மெஷின் வைத்தார்கள். பையை அழகாக்கவில்லை, சின்னதாக நவீனப்படுத்தவும் இல்லை, அதே மஞ்சள்தான், வெட்கம் மட்டும் போயிற்று. கூரியரில் அனுப்பும்போது கிலோ ஆர்டருக்கு ஒரு மஞ்சப்பையில் போட்டு அனுப்பு, உன் லேபிளை அதில் ஒரே கலரில், சிவப்பில் அடி. மரப்பெட்டிக் காசில் பத்துப் பை வரும்.

இந்த ஜிகினா எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டாய். குச்சி (Gucci) என்ற இத்தாலிய ஃபேஷன் கம்பெனிக்கு அலெஸ்ஸாண்ட்ரோ மிகேலே 2015இல் தலைமை டிசைனராக வந்து பூ, பாம்பு, புலி, பாட்டி வீட்டுத் திரைச்சீலை எல்லாவற்றையும் ஒரே உடுப்பில் கொட்டினார். அந்த வருஷம் 390 கோடி யூரோ அளவில் இருந்த கம்பெனி விற்பனை 2022இல் ஆயிரம் கோடி யூரோவைத் தாண்டியது. ஆனாலும் அந்த வருஷ நவம்பரில் அவர் வெளியேறினார், வளர்ச்சி மந்தமாகியிருந்தது, ஜனங்களுக்குக் கண் நிறைந்துவிட்டது. 2010இல் பெங்களூரில் ஆட்டோவும் தலையாட்டிப் பொம்மையுமாகத் தொடங்கிய சும்பக் என்ற பரிசுப்பொருள் கம்பெனி, வீட்டு அலங்காரம், கைப்பை என்று போகப் போக அந்தச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டது. ஏர் இந்தியா மகாராஜா 1946இலிருந்து குனிந்து வணக்கம் வைத்துக்கொண்டிருந்தவர், 2023இல் புது லோகோ வந்ததும் ஓரத்துக்குப் போனார். இந்தப் பக்கம் பார்த்தால் சேவல் மார்க் சேவல் இன்னும் அதே சேவல். குச்சி (Gucci) கம்பெனிக்கு ஜிகினா ஒரு சீசன், சீசன் மாறும். சேவலுக்கு அது பெயர், பெயரை யாரும் வருஷா வருஷம் மாற்றுவதில்லை. அதனால் லேபிளை ஒரே தடவை நன்றாக வரைந்துவிட்டு அதன் மேல் கை வைக்காதே. இன்ஸ்டாவில் போடுகிற வீடியோ, மழைக்காலத் தள்ளுபடி எல்லாவற்றிலும் உன் இஷ்டத்துக்கு விளையாடு.

ஆக, என் ஓட்டு இரண்டாவது படத்துக்கு, ரெண்டு திருத்தத்தோடு. ஏஐ படத்தைத் தூக்கிவிட்டு, ஊரில் பேனர் எழுதிக்கொண்டிருந்தவர்களில் இன்னும் கை நடுங்காத ஒருவரைத் தேடிப் பிடித்துக் காசு கொடுத்து வரையச் சொல். பிளெக்ஸ் வந்து அவர்கள் வேலையைப் பிடுங்கிக்கொண்ட பிறகு பாதிப் பேர் வீட்டில்தான் இருக்கிறார்கள். ஏஐ போட்ட மீசைக்காரருக்கு ஒரு கையில் ஆறு விரல், அதை யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுப்பதற்குள் மாற்று. இரண்டாவது, படத்துக்குக் கீழே "அல்டிமேட் லோக்கல் மாஸ்" என்று எழுதியிருக்கிறாயே, அதை எடு. படமே கத்திக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று "பாருங்க, நாங்க காமெடி பண்றோம்" என்று கையைப் பிடித்து இழுக்காதே. ஊர்ப் பெயர், கடைப் பெயர், எடை. வேறொன்றும் வேண்டாம்.

மூன்றாவது படத்தை அழித்துவிடு. சித்தப்பா வீடியோவில் வரட்டும், பாகு பதம் பார்ப்பதைக் காட்டட்டும், பனியனோடுதான் வருவேன் என்றால் பனியனோடு வரட்டும்.

இதையெல்லாம் நேற்று போனில் சொன்னேன். தம்பி இரண்டாவது படத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து அவரிடம் காட்டியிருக்கிறான். சிரிப்பார் என்று நினைத்தானாம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எல, இது ரெண்டு பருப்புக் கடலை, நாம போடுறது அந்த ரகமா? இடுப்பு ஒடுங்குற இடமும் தப்பா இருக்கு, அதைச் சரி பண்ணச் சொல்லு" என்றிருக்கிறார். மீசைக்காரரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். சனிக்கிழமை நாலு கடலையைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு பேனர் எழுதுகிறவர் வீட்டுக்குப் போகிறான்.